தண்ணீர் கேட்ட தங்கராஜு

என் அக்கா வீட்டுக்காரர் தங்கராஜுவுக்குச் சாமி வந்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"யாருக்கு? மாமாவுக்கா? அலமாக், காலங்காத்தால விளையாடாத லா" என்றேன்.

அந்தப் பக்கத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "பிரேமலா, நீ உடனே கிளம்பி வா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் ஊரான ஸ்கூடாயில் வேறு யாருக்குச் சாமி வந்தாலும் நம்பியிருப்பேன். தங்கராஜு மாமா ஊர்த் திருவிழாவில் சாமியாடுகிறவர்களைப் பார்த்து வாய்விட்டுக் கிண்டல் செய்கிற ஆள். "எந்தச் சாமி வந்தாலும் சுருட்டுதான் கேக்குது. ஒரு சாமியாவது தே தாரிக் டீ கேட்டுப் பார்த்திருக்கியா பிரேமா?" என்பார். பக்கத்து வீட்டு அய்யாவு அம்மன் கோயில் கமிட்டியில் இருப்பவர். அவருக்கு இதைக் கேட்டால் மூக்கின் மேல் கோபம் வரும். "அவ ஒரு நாளைக்கு உன் வாயைக் கட்டுவா பாரு" என்று சபிப்பார். மாமா அதற்கும் சிரிப்பார்.

மாமா சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். மூன்றாம் படிவத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பழ லாரியில் கிளீனராக ஏறினார். அப்புறம் லாரி ஓட்டினார், அப்புறம் பஸ். என் அக்கா கஸ்தூரியைப் பெண் பார்க்க வந்தபோதே பஸ்ஸில்தான் வந்தார். அதுவும் தானே ஓட்டிக்கொண்டு, சொந்தக்காரர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு. எங்கள் அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

இத்தனை வருடமாக அவருக்கு ஒரே வேலை. விடியுமுன் ஸ்கூடாயில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். சாயங்காலம் அவர்களையே திருப்பிக் கொண்டுவந்து இறக்க வேண்டும். பாலத்தில் ஜாம் பிடித்தால் எப்போது விடும் என்று கடவுளுக்கே தெரியாது. பின்னால் பஸ் நிறைய ஆட்கள், முன்னால் கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு விளக்கு. அந்த இடத்தில் டிரைவருக்கு ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வது? அதனால் பாலம் ஏறுகிற டிரைவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. "டிரைவர் வாயும் பஸ் கதவும் ஒன்னு. ஸ்டாப் வந்தாத்தான் தொறக்கணும்" என்று மாமா இதைப் பெருமையாக வேறு சொல்லுவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. யார் என்ன கேட்டாலும் "ஒன்னும் இல்ல." கால் வீங்கியிருக்கே மாமா? ஒன்னும் இல்ல. முகம் ஏன் வெளுத்திருக்கு? ஒன்னும் இல்ல. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவது மட்டும் அக்காவுக்குத் தெரியும். பஸ் முதலாளியிடம் அதையும் சொல்லவில்லை. "நோய் இருக்குன்னு தெரிஞ்சா சாவியை வாங்கி வச்சிருவான்டி" என்பாராம்.

அந்த வாரம் அவருக்கு இடுப்பில் ஒரு பக்கமாக நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல் எடுத்தது. அடுத்த நாள் அதே இடத்தில் பட்டை கட்டினாற்போல் கொப்புளம். அக்கா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். "அக்கிங்க. அம்மா கொடுத்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உடனே வீடு விரத வீடாகிவிட்டது. வாசலில் வேப்பிலை சொருகினாள், மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள், தாளிப்பதைக்கூட நிறுத்தினாள். கொப்புளத்தின் மேல் காவி கரைத்து எழுதுகிற ஆளை விசாரிக்கச் சொல்லி அய்யாவுவிடம் சொன்னாள்.

மாமா இதை எல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போனார். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த விஷயத்தில் அந்த வீட்டிலேயே அறிவோடு நடந்தது அவர் ஒருவர்தான். அங்கே இருந்த டாக்டர் அவரை முன்பின் பார்த்ததில்லை. வேறு நோய் ஏதாவது இருக்கிறதா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று முறையாகக் கேட்டிருக்கிறார். நம் ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்லவா வேண்டும்?

"ஒன்னும் இல்ல டாக்டர்."

அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அசைக்ளோவிர் என்று பெயர். அக்கிக்கும் அம்மைக்கும் ஊர் முழுக்கக் கொடுக்கிற மாத்திரைதான். பெரிய மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்று விடுப்புச் சீட்டும் கொடுத்தாராம். விடுப்புச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்தது. மாமா மறுநாளும் பஸ் எடுத்தார். ஐந்து வேளை மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டார், தண்ணீர் மட்டும் வழக்கம்போல் ஒரு மடக்குதான். எரிச்சல் தாங்காமல் மருந்துக் கடையில் வலி மாத்திரை வேறு வாங்கி விழுங்கியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் பஸ் எடுக்கப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நாள் நடந்ததில்லை என்று அக்கா சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்துப் பேசினாராம். நாக்குக் குழறியதாம். அக்கா சாம்பிராணி காட்டக் கிட்டே போனபோது கை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. வேப்பிலை கட்டிய வீடு, வெள்ளிக்கிழமை, சாம்பிராணிப் புகை. அவள் என்ன நினைப்பாள்? ஓடிப்போய் அய்யாவுவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம். "அவதான் கஸ்தூரி. கிண்டல் பண்ணவனையே புடிச்சிட்டா பாத்தியா."

என் வீடு இருக்கிற பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நான் காரை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே போனால், கடவுளே!

நடுக்கூடத்தில் பலகை போட்டு மாமாவை உட்கார வைத்திருந்தார்கள். இடுப்பில் மஞ்சள் வேட்டி. தலையிலிருந்து கால்வரை ஈரம். தாடை கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தாமான் குடியிருப்புச் சனம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. ஒருத்தர் உடுக்கை அடிக்கிறார். என் அக்கா, தாலி கட்டிய புருஷன் முன்னால், கையில் வேப்பிலையோடு மண்டியிட்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

"வந்திருக்கிறது யாரும்மா?" என்று அய்யாவு பணிவாகக் கேட்டார்.

மாமா அண்ணாந்து பார்த்தார். "நான் செத்துட்டேன்" என்றார். "செத்தவன்கிட்ட ஏன் சாவியைக் குடுத்தீங்க?"

கூட்டத்தில் எல்லாரும் "அம்மா!" என்று அலறினார்கள். அது மாமாவின் குரல்தான். ஆனால் குடித்தவன் பேசுவதுபோல் வார்த்தை வழுக்கியது. அடுத்து அவர் உதட்டை நக்கிக்கொண்டு, "தண்ணி" என்றார். "தண்ணி... தண்ணி."

"கேக்குறா பாரு, ஊத்து, ஊத்து!" என்றார் அய்யாவு.

ஒரு பெண் குடத்திலிருந்து மஞ்சள் நீரைச் சொம்பில் மொண்டு மாமா தலையில் ஊற்றினாள். அவர் மூச்சுத் திணறிச் சிலிர்த்தார். குலவை போட்டார்கள். அவர் மறுபடி "தண்ணி" என்றார். மறுபடி ஊற்றினார்கள். சாமி வந்ததிலிருந்து இதுதான் நடக்கிறதாம். குடம் காலியாகக் காலியாக யாரோ குழாயில் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார்கள். அடப் பாவிகளா! அவர் நாக்கை நான் பார்த்தேன். காய்ந்து, வெடித்து, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையில் குடம் குடமாக ஊற்றினவர்களில் ஒருத்தருக்காவது வாயில் ஒரு மடக்கு ஊற்றத் தோன்றவில்லை.

இந்த லட்சணத்தில் அய்யாவு குனிந்து அவர் காதில் குசுகுசுக்கிறார். "தாயே, பிள்ளைங்களுக்கு லாட்டரிக்கு ஒரு நம்பர் கொடு தாயே." மாமா வாயில் நாலு இலக்கம் வந்தது. அய்யாவு அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அவர் சொன்னது தன் பஸ் நம்பரை! அந்தத் தாமானில் அதைப் பார்க்காத கண் உண்டா?

எனக்குப் பொறுமை கிடையாது. ஆளை விலக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன், மங்குக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மாமா வாயில் வைத்தேன்.

"ஏய், சாமி மேல கை வைக்காத!" என்று அய்யாவு சீறினார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே, எனக்கு வாயில நல்லா வந்திரும்" என்றேன்.

மாமா மடக் மடக்கென்று குடித்தார். பாதி வெளியே சிந்தியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை தீயாகச் சுட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. சில்லென்று இருந்தது, துடித்துக்கொண்டிருந்தது. "பிரேமா, எல்லாரும் ஏறியாச்சா? டோரை மூடு" என்றார். பிறகு என் தோளுக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்து ஒடுங்கினார். பார்வையை அப்படியே திருப்பி அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"கஸ்தூரி... எனக்குப் பயமா இருக்குடி."

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. கையிலிருந்த வேப்பிலையைக் கீழே போட்டாள். "சாமிக்கு எதுக்குப் பயம்?" என்றாள். அய்யாவு பக்கம் திரும்பினாள். "கேக்குறேன்ல, சாமி எதுக்குப் பயப்படும்? என்னை எதுக்கு 'டி' போட்டுக் கூப்பிடும்? இது என் வீட்டுக்காரர். பிரேமலா, காரை எடு."

"கஸ்தூரி, பாதியில எழுப்பினா குத்தம். வீட்டுக்கு ஆகாது" என்று அய்யாவு வழியை மறித்தார்.

"குத்தம் என் தலையில வரட்டும்ணே. தாலி என் கழுத்துலதான் தொங்குது, உங்க கழுத்துல இல்ல. நகருங்க."

என் அக்கா யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அய்யாவு நகர்ந்துவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் டாக்டர். நர்மதா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். ஈர வேட்டியோடும் நெற்றி நிறையக் குங்குமத்தோடும் வந்த ஆளைப் பார்த்து அவள் முகம் சுளிக்கவில்லை. கண்ணில் விளக்கடித்தாள், கைகளை நீட்டச் சொன்னாள். நீட்டிய கை படபடவென்று அடித்தது. "என்ன மருந்து ஆன்ட்டி சாப்பிட்டாரு?" என்று கேட்டாள்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைப் பையை எடுத்தாள். பையின் மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள். அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் ஒவ்வொரு வேளையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வேலைக்குப் போகும்போது அதே பையிலிருந்து எண்ணிக் கட்டியும் அனுப்பியிருக்கிறாள்.

"ஒரு வேளைகூடத் தப்பலம்மா. இன்னிக்குக் காலையில சாமி வந்திருக்கும்போதும் ஒன்னு வாயில போட்டேன்" என்றாள்.

நர்மதா அந்தப் பையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அங்கிளுக்குக் கிட்னி பிரச்சினை இருக்கா?"

"ஐயோ, இல்லம்மா. பிரஷர் மட்டுந்தான். தண்ணிதான் குடிக்கவே மாட்டாரு, எரிச்சலுக்குக் கடையில வலி மாத்திரை வேற வாங்கிப் போட்டாரு."

ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வயிற்றிலும் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது நர்மதா எங்கள் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் உட்கார்ந்து பேசினால் நல்ல செய்தியா வரப்போகிறது?

"ஆன்ட்டி, அங்கிளோட ரெண்டு கிட்னியும் சுருங்கி இருக்கு. இது நேத்து வந்தது இல்ல. ரொம்ப நாளாவே இருக்கணும். இப்போ மொத்தமா நின்னு போற மாதிரி ஆயிருக்கு."

அக்காவுக்குப் புரியவில்லை. "அக்கிக்கும் கிட்னிக்கும் என்னம்மா?"

"இந்த மாத்திரை கெட்டது இல்ல ஆன்ட்டி. அக்கிக்கு நாங்களும் இதைத்தான் குடுப்போம். நிறைய பேர் சாப்பிடுறாங்க, ஒன்னும் ஆகுறது இல்ல. ஆனா இது உடம்பை விட்டு வெளிய போற வழி கிட்னிதான். கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு அளவைக் குறைச்சுக் குடுக்கணும். இவருக்கு முழு அளவு போயிருக்கு. தண்ணியும் குடிக்கல, வலி மாத்திரை வேற போட்டாருன்னு சொல்றீங்க. அதுவும் கிட்னியை அடிக்கும். மருந்து வெளிய போகாம ரத்தத்துலயே சேந்துடுச்சு. சேந்தா மூளையைக் குழப்பும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், கை கால் வெட்டி இழுக்கும், பேச்சுக் குழறும். செத்துட்டேன்னு சொல்றவங்ககூட உண்டு."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாமி சொன்ன வாக்கு என்று ஊரே அலறியதை இந்தப் பிள்ளை நேரில் பார்த்தவள்போல் சொல்கிறாள்.

"அப்போ நான்தான்..." என்று அக்கா ஆரம்பித்தாள். "ஒவ்வொன்னா நான்தானம்மா எடுத்துக் குடுத்தேன்." மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

"நீங்க டாக்டர் எழுதினதைக் குடுத்தீங்க. அந்த டாக்டருக்குக் கிட்னி விஷயம் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லல" என்றாள் நர்மதா. "இப்போ மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணப் போறோம். மூளையில கிருமி இல்லன்னும் உறுதியாகணும். மருந்து வெளிய போனா தெளிவு வரும்னு நினைக்கிறேன். கிட்னி எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது."

முதல் முறை இயந்திரம் வைத்தபோது பெரிதாக மாற்றம் இல்லை. கட்டில் கம்பியை ஸ்டியரிங் என்று பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அக்கா சோறு தண்ணி இல்லாமல் வார்டு வாசலிலேயே கிடந்தாள். இரண்டாவது முறைக்கு மறுநாள் காலையில் அவர் கண் திறந்து, "கஸ்தூரி, பஸ்ஸை யாரு எடுத்தா?" என்று தெளிவாகக் கேட்டார். அக்கா ஓவென்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அய்யாவு ஆப்பிள் பையோடு வந்து நின்றார். முகமெல்லாம் பல். "நம்பர் அடிச்சிருச்சு பிரேமலா! ஆறுதல் பரிசு! இப்ப என்ன சொல்ற? அம்மா இல்லன்னு சொல்லுவியா?" என்றார். அவர் கட்டில் பக்கமாகக் குனிந்து, "தங்கராஜு, இன்னொன்னு ஏதாச்சும் மனசுல தோணுதா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! ஆப்பிள் பையை அவர் கையிலேயே திணித்து லிப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் நர்மதா வார்டுக்கு வந்தாள். "அங்கிள், கிட்னி கெட்டிருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

மாமா வாயைத் திறந்தார். 'ஒன்னும்' என்பது உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினார். "தெரியும்மா" என்றார். "ரெண்டு வருசம் முன்னால கவர்மெண்டு கிளினிக்ல சொன்னாங்க. பஸ்ஸு போயிடும்னு யாருகிட்டயும் சொல்லல. இவகிட்டயும் சொல்லல."

இரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர். நான் என் பங்குக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஆரம்பித்தேன், அக்கா கண்ணாலேயே அடக்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. வாரம் மூன்று முறை இயந்திரத்தோடு படுக்கிற ஆளுக்கு யார் சாவி கொடுப்பார்கள்? சில மாதத்தில் குறையலாம் என்றாள் நர்மதா, குறையாமலும் போகலாம் என்றாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், பார்வையாளர் நேரத்தில் அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமா திடீரென்று, "அன்னிக்கு நம்ம வீட்ல யாராச்சும் தண்ணி கேட்டாங்களா?" என்றார்.

"நீங்கதான் கேட்டீங்க" என்றாள் அக்கா.

"அப்படியா? எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல. இருட்டா இருந்துச்சு. சொம்புச் சத்தம் கேட்டுச்சு, தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. யாருக்கோ வரிசையா ஊத்திக் குடுக்குறாங்க போல, நமக்கும் வரும்னு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன் கஸ்தூரி. எனக்கு மட்டும் வரல."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. கரண்டியிலிருந்து கஞ்சி போர்வையில் சொட்டியது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து மாமா பயந்துவிட்டார்.

"ஏய், ஒன்னும் இல்ல, விடு..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" என்று அக்கா கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "இனிமே அந்த வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. தாகமா இருந்தா தாகம்னு சொல்லுங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

மாமா அவளைப் பார்த்தார். "தாகமா இருக்குடி" என்றார்.

அக்கா கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். கிட்னிக்காக நர்மதா அளந்து வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, உதட்டில் வைத்தாள்.